ராசன் குடிக்கிறார், மெலிஞ்சும் போறார்

1. தொலைபேசியில் ஒரு குடிகாரர்

காலையில் கந்தோர்க் கதவைத் திறக்கிறேன், உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் எடுத்தேன். ஒரு பெண் குரல். இன்னும் ஒரு சொல் கூடச் சொன்னால் அழுதுவிடும் போலிருந்தது.

"டொக்டர் ஐயாவே? எங்கடை ராசன் சரியான குடி ஐயா. விடியத் தொடங்கினால் பொழுதுபடுமட்டும் குடிதான்."

நான் பருத்தித்துறைப் பக்கத்தில் அரசாங்க மிருக வைத்தியர். ஊர் வாயில் மாட்டு டொக்டர். மனிதருக்கான ஆஸ்பத்திரி என்று நினைத்து எங்களுக்கு எடுப்பவர்கள் இடைக்கிடை உண்டு. அப்படியானவர்களிடம் பொறுமையாகக் கதைக்க வேண்டும் என்பது என் கொள்கை.

"அக்கா, குடியை நிப்பாட்டுறதுக்கு ஆஸ்பத்திரியிலை தனிக் கிளினிக் இருக்கு. கூட்டிக்கொண்டு போங்கோ. ஆள் வரமாட்டன் எண்டு நிப்பார், நைசாக் கதையுங்கோ."

"அவரை எப்பிடி ஐயா பஸ்ஸிலை ஏத்துறது? சாப்பாடும் இறங்குதில்லை. எலும்பும் தோலுமாப் போனார்."

"என்ன குடிக்கிறவர்? கள்ளோ, சாராயமோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. பச்சைத் தண்ணி. வாளி வாளியா."

"பச்சைத் தண்ணி குடிக்கிறவரை ஏனக்கா..."

"அவர் குதிரை ஐயா!"

எங்கள் ஊரில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் 'அவர்'தான். கட்டையில் கட்டிய ஆடும் 'இவர்'தான். பாலுக்கு அழுகிறாரா, குழைக்கு அழுகிறாரா என்று விசாரித்துத்தான் ஆளா ஆடா என்று கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை ஆண்டு சேவைக்குப் பிறகும் நான் அன்று ஏமாந்தேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. குதிரை! மாடு பார்ப்பேன், ஆடு பார்ப்பேன், கடிக்காத நாயும் பார்ப்பேன். குதிரை எனக்குப் பரீட்சைக்காகப் படித்த விலங்கு. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அதை வாசலிலேயே அவிழ்த்து விட்டுவிட்டு வந்திருந்தேன்.

2. கையோடு வந்த சடை

போகுமுன் கைபேசியில் வாசித்துக்கொண்டேன். குதிரைக்குத் தாகமும் மெலிவும் சேர்ந்து வந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்? சிறுநீரகம் கெட்டிருக்கலாம். ஈரல் கெட்டிருக்கலாம். வயதான குதிரை என்றால் மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி பிசகி வரும் குஷிங் நோயாக இருக்கலாம். அதற்கு அடையாளம் உடம்பில் உதிராமல் நீண்டு வளரும் மயிர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வரலாம், ஆனால் மிக அபூர்வம். குடற்புழு, கூடுதலாக உப்புத் தின்றது, அல்லது கொட்டிலில் பொழுது போகாமல் சும்மா குடித்துக்கொண்டே இருப்பது. கடைசியாகச் சொன்னது என் மைத்துனரை நினைவுபடுத்தியது. மற்றதெல்லாம் என்னைப் பயமுறுத்தின. வாசித்து முடிப்பதற்குள் எனக்கே நாக்கு வறண்டு இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டேன்.

குதிரைக்காரரின் பெயர் மயில்வாகனம். மயில்வாகனம் வீட்டில் குதிரை நிற்பதைப் பற்றி ஊரில் எல்லாரும் ஒவ்வொரு பகிடி விட்டு முடித்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முன்பு படகு வைத்துக் கடலுக்குப் போனவர். இப்போது கலியாணத்துக்கு மணவறை, கதிரை, பந்தல் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் குதிரையில் ஊர்வலம் வரவேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும், மலைநாட்டில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்டுக்கொண்டிருந்த இந்தச் சின்னக் குதிரையை வாங்கி வந்தார். கனடாவில் நன்றாகச் சாப்பிட்டு வந்த மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரைக்கு முதுகு வலிக்காமல் தாகம் எடுத்தது எனக்குப் பெரிய அதிசயம்.

நான் போனபோது முற்றம் பளபளவென்று இருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிய வரிகள் மண்ணில் அப்படியே கிடந்தன. கொட்டில் கழுவி, வாளி மினுக்கி, குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறும் பூசி நிறுத்தியிருந்தார் பவளக்கா. தொலைபேசியில் கதைத்த பெண்மணி அவர்தான், மயில்வாகனத்தாரின் மனைவி.

"டொக்டர் வாறார் எண்டு சொல்லி விடியக்காலமை எழும்பிக் கூட்டினனான்," என்றார்.

"நல்லது," என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே பின்னர் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

ராசனுக்குப் பதினாறு வயது. விலா எலும்புகளை எண்ணலாம். ஆனால் கழுத்தில் நீண்ட சடை தோளுக்குக் கீழே தொங்கியது. எனக்குக் குஷிங் நோய் ஞாபகம் வந்தது. மெல்லத் தடவினேன். ஒரு கொத்து மயிர் அப்படியே கையோடு வந்துவிட்டது. நீளும் என்று வாசித்தேன், கழன்று வரும் என்று எங்கும் வாசிக்கவில்லையே!

"ஐயோ பவளக்கா, மயிர் கொட்டுது!"

"அது சவுரி ஐயா. போன கிழமைக் கலியாணத்துக்குக் கட்டினது, அவிழ்க்க மறந்துபோனன்."

நான் சவுரியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

3. ஊரே சொன்ன வருத்தம்

தாகம், மெலிவு. இந்த இரண்டையும் யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். டொக்டர் தேவையில்லை.

"சீனி ஐயா," என்றார் மயில்வாகனம். "எனக்கும் இப்பிடித்தான் துவங்கினது. தண்ணி விடாய், மெலிவு. ஆள் எனக்குப் பிறகு வந்தவர்தானே, என்னைப் பாத்துப் பிடிச்சிட்டார்."

"அண்ணை, அது தொத்துற வருத்தம் இல்லை. குதிரைக்கு வாறதும் அருமை."

"அருமை எண்டால் வராது எண்டில்லைத்தானே?"

சிறுநீர் எடுத்துப் பார்ப்போம் என்றேன். மீன் அள்ளும் சின்னப் பிளாஸ்டிக் பேணியை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொண்டு, அரசாங்கச் சம்பளம் வாங்கும் நான், ஒரு குதிரையின் பின்னால் உலாவினேன். அவர் நடந்தால் நான் நடந்தேன். அவர் நின்றால் நான் குனிந்தேன். மதிலுக்கு மேலே அயல்வீட்டுத் தலைகள் முளைத்தன. ஒரு கிழவர் மட்டும் "எப்பவாம்?" என்று விபரம் கேட்டார். கலியாண ஊர்வலத்துக்கு வெளிக்கிடும் நேரம் கேட்பதுபோல இருந்தது.

கடைசியில் கிடைத்தது. சீனி பார்க்கும் தாளை நனைத்துப் பார்த்தேன். சீனி இல்லை. மயில்வாகனத்தாருக்கு முகம் வாடியது. ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை வேலியோரம் ஊற்றிவிட்டு நின்றோம். சிறிது நேரத்தில் அந்த இடத்தில் எறும்பு.

"பாத்தியளே! பாத்தியளே ஐயா!" என்று அவர் துள்ளினார். மதில் தலைகள் எல்லாம் ஒரே குரலில் "ஓமோம்" என்றன. தாள் சொன்னதைவிட எறும்பு சொன்னது அங்கே பெரிது. பவளக்கா மட்டும் விளக்குமாற்றை எடுத்து அந்த இடத்தைக் கூட்டத் தொடங்கினார். கணவருக்குத் தெரியாமல் அந்த வேலியோரத்தில் வைத்துத்தான் ராசனுக்குப் பனங்கட்டி கொடுத்துவந்தார் என்பதை அவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து.

மயில்வாகனம் அன்றே ராசனைப் பத்தியத்தில் போட்டுவிட்டார். தான் குடிக்கும் குறிஞ்சா இலைக் கஞ்சி குதிரைக்கும். இதுவரை அவருக்கு வைத்துவந்த தவிட்டுக் கஞ்சி நிறுத்தம், அதில் மாச்சத்து இருக்கிறதாம். இனி வைக்கோலும் பச்சைப் புல்லும் மட்டும்.

"அது பிழையில்லைத்தானே ஐயா? புல்லுத்தானே குதிரையின்ரை சாப்பாடு?"

யோசித்துப் பார்த்தேன். புல்லுத்தான் குதிரையின் சாப்பாடு. "பிழையில்லை," என்றேன். இதையும் முதற்சொன்ன 'நல்லது'க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கலங்கல்

சீனி இல்லை என்று கண்ட நான் அத்தோடு விட்டிருக்கலாம். போத்தலில் எடுத்த சிறுநீரைக் கந்தோருக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பார்த்ததும் கதிரையில் இருந்துவிட்டேன். மாட்டுச் சிறுநீர் தேநீர் போலத் தெளிவாக இருக்கும். இதுவோ மோர்க்குழம்பு. கலங்கி, மஞ்சளித்து, சரித்தால் கோழை போல இழுபட்டது.

சீழ் என்று முடிவு கட்டினேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தாகம் அதனால், மெலிவு அதனால். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பயம் பிடித்த மனிதனுக்கு எல்லாமே அழகாகப் பொருந்தும். என்னோடு படித்த குலசிங்கம் மலைநாட்டில் பந்தயக் குதிரைகளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பான் என்று கேட்கவில்லை.

இரத்தம் எடுத்து யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு தனியார் லாப்புக்கு அனுப்பினேன். அது மனிதருக்கான லாப். பின்னேரமே ஒரு பெண் பிள்ளை எனக்கு எடுத்தார்.

"டொக்டர், ராசன் எண்ட பேசன்ற். வயசு பதினாறு, நிறை இருநூறு கிலோ எண்டு போட்டிருக்கு. சரியோ?"

"சரி."

"கீழை 'மெலிந்து போகிறார்' எண்டும் எழுதியிருக்கிறியள்."

"ஓம், முந்தி இதைவிடக் கூட."

"கடவுளே! டொக்டர், இப்பத்தைப் பெடியள் கண்ட கண்ட கடைச் சாப்பாடெல்லாம் சாப்பிடுகினம். தாய் தேப்பன் கவனிக்கிறேல்லையோ?"

"தேப்பனும் மலைநாட்டிலை பிள்ளையளை முதுகிலை ஏத்திக்கொண்டு திரிஞ்சவராம் தங்கச்சி."

முடிவு வரப் பத்து நாள் செல்லும் என்றார். கருவி பழுதாம்.

அந்த இடைவெளியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். மயில்வாகனம் கேட்டார், நான் சொல்லிவிட்டேன்: "சிறுநீரகம் போலைதான் கிடக்கு அண்ணை. அப்பிடியெண்டால் செய்யிறதுக்குக் கனக்க இல்லை."

ராசன் பத்தியத்தில் இன்னும் வேகமாக மெலிந்துகொண்டிருந்தார். பவளக்கா சாப்பாட்டை விட்டுவிட்டு வாளியில் தண்ணீர் நிரப்புவதே வேலையாக இருந்தார். நிரப்ப நிரப்ப வாளி வெறுமையானது.

ஒருநாள் மயில்வாகனம் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ஐயா, என்ரை மனிசி படுற பாட்டை என்னாலை பாக்க ஏலாது. நாளைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போவாள். அந்த நேரம் வந்து, நோகாமல் ஒரு ஊசி போட்டு விடுங்கோ. அவள் திரும்பி வந்தாப் பிறகு நான் சொல்லுறன்."

கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனிதர் சுவரில் தொங்கிய மாட்டின் படத்தைப் பார்த்தபடியே இதைச் சொன்னார். லாப் முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் நான் ஓம் என்றேன்.

5. கூட்டாத முற்றம்

மறுநாள் ஊசி மருந்தைப் பையில் எடுத்து வைத்தேன். பின்னேரம்தான் வரச் சொல்லியிருந்தார். எனக்குக் காலையிலேயே கந்தோரில் இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒருதரம் பார்ப்போம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டேன். துணிச்சலால் போனேன் என்று நினைக்க வேண்டாம். பின்னேரம் அந்த ஊசியைப் போடாமல் விட ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடிப் போனேன்.

படலையைத் திறந்தேன். முற்றம் கூட்டப்படவில்லை. கொட்டிலைச் சுற்றி ஒரே ஈரம். வாளிக்குள்ளே தும்பு தும்பாய் வைக்கோல் மிதந்தது. நிலத்தில், தேசிக்காய் அளவில், கசக்கிச் சுருட்டிய வைக்கோல் உருண்டைகள் கிடந்தன.

ராசன் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு வாய் வைக்கோல் எடுத்தார். வாளிக்குள் தோய்த்தார். தலையை ஒருபக்கம் சரித்து மெல்ல மெல்லச் சப்பினார். திடீரென்று வலித்ததுபோல் நின்றார். வாயிலிருந்து ஓர் உருண்டை விழுந்தது. மறுபடி வைக்கோல், மறுபடி வாளி. மூக்கால் ஒரு தள்ளு, வாளி சரிந்து அரைவாசித் தண்ணீர் நிலத்தில்.

குடிக்கவில்லை. தோய்க்கிறார். ஊற்றுகிறார்.

வீட்டுக்குள்ளிருந்து பவளக்கா என்னைக் கண்டுவிட்டார். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன ஐயா, சொல்லாமல் வந்திட்டியள்! வெக்கக்கேடு, முத்தம் கூட்டேல்லை, கொட்டில் கழுவேல்லை..."

"கூட்டாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் குதிரையே திரும்பிப் பார்த்தது. பவளக்கா விளக்குமாற்றை ஓங்கியபடி அப்படியே நின்றார்.

"அக்கா, இந்த உருண்டையள் ஒவ்வொரு நாளும் விழுறதோ?"

"விழும் ஐயா. ஊத்தை பண்ணுவார். நீங்கள் வாறதெண்டால் நான் எல்லாம் கூட்டி அள்ளிப்போட்டு, வாளியையும் மினுக்கித்தானே வைக்கிறனான். டொக்டருக்கு உதுகளைக் காட்டுறதே?"

வருத்தம் முழுவதையும் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னே கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் எனக்குப் பால் விடாத பிளேன்ரீ தந்திருக்கிறார். நானும் அந்தக் கூட்டிய வரிகளைப் பார்த்து மெச்சியிருக்கிறேன்.

கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ராசனின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து வாய்க்குள் பார்த்தேன். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் மரம் அரியும் வாளின் பல்லுப் போல நீட்டிக்கொண்டு நின்றது. கன்னத்தின் உட்பக்கம் கிழிந்து புண். குதிரையின் பல் ஆயுள் முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும், தேய்கிற விதம் சரியில்லாவிட்டால் ஓரம் கூர்ந்துவிடும். அராவி விட வேண்டும். மாட்டுக்கு இந்த வேலை இல்லை. மாட்டு வைத்தியர்கள் நாங்கள் சேவைக்காலத்தின் பெரும் பகுதியை வால் பக்கத்தில் கழிப்பவர்கள். பழக்கதோஷத்தில் இந்தக் குதிரையிடமும் நான் பின்பக்கமாகவே வைத்தியம் பார்த்திருக்கிறேன். மூத்திரம் பார்த்தேன், எறும்பு பார்த்தேன், சவுரி பிடுங்கினேன். தின்னாத பிராணியின் வாயைத் திறக்க மட்டும் தோன்றவில்லை.

அந்த வாயோடு அவரால் விழுங்க முடிந்த ஒரே சாப்பாடு தவிட்டுக் கஞ்சி. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் கூடிக் கதைத்து நிறுத்தியிருந்தோம்.

அப்போதுதான் குலசிங்கத்துக்கு எடுத்தேன். எதிர்பார்த்தபடி சிரித்தான்.

"குதிரை மெலிஞ்சால் முதல்லை வாயைப் பார் மச்சான். சரி, என்னத்தையெல்லாம் பாத்தாய்?"

"யூரின் பாத்தனான். சீழ் மாதிரிக் கலங்கல்."

"எடே, குதிரை மூத்திரம் கலங்கித்தான் இருக்கும். கோழை மாதிரியும் இழுபடும். சுண்ணாம்புச் சத்தடா. கெட்டியா இருந்ததோ?"

"மோர்க்குழம்பு."

"நாள் முழுக்கத் தண்ணி குடிக்கிறவனுக்கு மூத்திரம் தண்ணியா எல்லோ போகவேணும்? அதிலையே உனக்குப் பதில் இருந்தது."

பிறகு வந்த இரத்த முடிவிலும் சிறுநீரகம் சரியாகத்தான் இருந்தது. அந்த லாப் பிள்ளை மட்டும், நிறையைக் குறைக்கும்படி தாய்க்குச் சொல்லச் சொன்னார்.

நான் கைபேசியை வைக்கையில் மயில்வாகனம் படலையைத் திறந்து உள்ளே வந்தார். காலையில் என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. என் பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"பல்லு அண்ணை," என்றேன். "பல்லுத்தான். ஊசி வேண்டாம்."

"என்ன ஊசி?" என்றார் பவளக்கா.

நானும் மயில்வாகனமும் ஒரே நேரத்தில் "விற்றமின்" என்றோம்.

மயில்வாகனம் ராசனின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"அப்ப சீனி இல்லையோ?"

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை."

பத்தியத்துக்குத் துணையாக வந்த ஒரே ஆளையும் இழந்த கவலை அந்த முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. மறுகணம் உற்சாகமாகிவிட்டார். "அராவுறதெண்டால் படகுக்குப் பாவிச்ச அரம் கிடக்கு ஐயா, எடுத்துக்கொண்டு வரட்டோ?" மிகவும் சிரமப்பட்டுத்தான் அவரைத் தடுத்தேன்.

6. காட்சிக்கு வைத்தவை

குலசிங்கம் நீளக் கைப்பிடி வைத்த அரத்தோடு வந்தான். மயக்க மருந்து கொடுத்து, வாயைத் திறந்து வைத்து, பற்களின் கூர்களை அராவினோம். அராவினான் என்பதே சரி. நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புண் ஆறும்வரைக்கும் தவிட்டுக் கஞ்சி, ஊறவைத்த புல். குறிஞ்சாக் கஞ்சி அதற்குரியவரிடமே திரும்பிப் போனது.

சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். சொல்லாமல்தான் போனேன். ஆனால் என் மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தியிலேயே கேட்கும் வகை. பவளக்கா படலையில் நின்றார். கையில் விளக்குமாறு இல்லை.

"வாங்கோ ஐயா, ஒண்டும் கூட்டேல்லை. எல்லாம் அப்பிடியே வைச்சிருக்கிறன்."

கொட்டில் ஓரத்தில் வாழையிலை விரித்து, நேற்றைய லத்தி, இன்றைய லத்தி என்று வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சிறுநீர். அவற்றைச் சுற்றி, பழக்கம் விடுமா, கோலம் போடலாம் போல வழித்துக் கூட்டியிருந்தார். வைக்கோல் உருண்டை ஒன்றாவது கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை. லத்தியை உடைத்துப் பார்த்தேன், தும்பு நன்றாக அரைபட்டிருந்தது. காலையில் வைத்த வாளியில் அரைவாசித் தண்ணீர் தெளிவாக மிச்சம் கிடந்தது. நாடாவைச் சுற்றி அளந்தேன், நெஞ்சு பருத்திருந்தது. ராசன் நின்ற இடத்தில் நின்றபடி உலர்ந்த வைக்கோலை நறநறவென்று சப்பிக்கொண்டிருந்தார். பவளக்கா அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தாகத்துக்கும் மெலிவுக்கும் காரணங்கள் நிறைய உண்டு, எல்லாவற்றையும் படியுங்கள். ஆனால் குடிக்கிறது என்று சொன்னால், குடிப்பதைக் கண்ணால் பாருங்கள். எங்கள் சனம் டொக்டரை மதிக்கிற சனம். வருகிறோம் என்று சொன்னால் நோயையும் சேர்த்துக் கூட்டி அள்ளிவிடும். ஆகவே ஒருதரமாவது சொல்லாமல் போங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் யாராவது விளக்குமாற்றோடு ஓடி வந்தால் முதலில் விளக்குமாற்றைப் பிடியுங்கள், பிறகு நாடியைப் பிடிக்கலாம்.